காற்றுக்குக் கட்டுப்பட்ட பாலம்

பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும். வண்டி நிற்கும். வாடை வீசத் தொடங்கும் ஐப்பசியிலிருந்து மாசி வரை இது அடிக்கடி நடப்பதுதான். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவந்த ரயில், கடலைப் பார்த்ததும் மண்டபத்தில் நின்றுவிடும். ராமேஸ்வரத்து அக்னி தீர்த்தத்தில் காலையிலேயே முழுகிவிடலாம் என்று வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். தீவுக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வடகடலிலிருந்து வாடை அடிக்கும், தென்கடலிலிருந்து கச்சான் அடிக்கும், இரண்டுக்கும் நடுவில் பாலம் நிற்கிறது என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த கணக்கு.

அந்த 58இன் கனம் என்ன என்று ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வேகத்தில் அடிக்கும் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 16 கிலோ எடையின் அளவுக்குத் தள்ளும். ரயில் பெட்டியின் பக்கச் சுவர் சுமார் 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெட்டி ஒன்றுக்கு ஒரு டன் அளவுக்குப் பக்கவாட்டுத் தள்ளு. நாற்பது டன் பெட்டிக்கு இது பெரிதில்லை என்று தோன்றும். ஆனால் காற்றின் தள்ளு வேகத்தோடு சேர்ந்து சீராக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும். 1964 டிசம்பர் புயலில் காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை போயிருக்கலாம் என்பது மதிப்பீடு. அந்த வேகத்தில் ஒரு டன் இருபத்துமூன்று டன்னாகிவிடும். இடையில் எங்கோ ஓர் இடத்தில் வண்டி தண்டவாளத்தில் நிற்காது. அந்த இடத்துக்கு வெகுமுன்பே கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கோட்டைக் காப்பது யார் என்பதில்தான் நூற்றுப் பதினோரு வருட மாற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் கண்ணும் காதும் தோளும் காத்தன. இன்று காற்றுமானியும் ரிலேயும் மோட்டாரும் காக்கின்றன.

தோள்வலி காலம்

பழைய பாம்பன் பாலத்தின் வேலை 1911இல் தொடங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று ரயில் ஓடியது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அதன் நடுவில் கப்பலுக்கு வழிவிடும் இரட்டைக் கதவு. சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சர் வகுத்த முறை அது. பாலத்தின் இரு பாதிகளும் கரைப் பக்கம் வளைந்த அடியோடு இருக்கும். பின்னால் எடைக்கல் தொங்கும். தூக்கும்போது கதவு பின்பக்கமாக உருண்டு நிமிரும். ஒவ்வொரு பாதியும் நானூறு டன்னுக்கு மேல்.

இதே ஷெர்சர் முறையில் சிகாகோ ஆற்றின் மேல் 1895இலேயே பாலங்கள் வந்துவிட்டன. அவற்றை மின் மோட்டார் தூக்கியது. பாம்பனில் மனிதர்கள் தூக்கினார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புக் கம்பிகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித் தள்ள, பற்சக்கரங்கள் மெல்ல நகர, கதவு அங்குலம் அங்குலமாக எழும். காரணம் எளிது. 1914இல் இந்தக் கரையில் மின்சாரம் இல்லை. சென்னையில் 1895 முதல் டிராம் மின்சாரத்தில் ஓடியது என்றாலும், தமிழ்நாட்டின் முதல் பெரிய நீர்மின் நிலையமான பைக்காரா ஓடத் தொடங்கியது 1932இல்தான். பாலத்தை வரைந்தவர்கள் இல்லாத மின்சாரத்தை நம்பாமல், இருக்கும் தோளை நம்பினார்கள்.

அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. எடையும் எதிரெடையும் சரியாக அமைந்துவிட்டால், ஆட்கள் தூக்குவது பாலத்தை அல்ல. உராய்வையும் காற்றையும் மட்டுமே. கிணற்றடி ஏற்றத்தில் கல்லைக் கட்டிய துலா, ஒற்றை ஆளின் கைக்கு இணங்கி வருவதைப் போன்றதுதான் இது. காற்று பலமாக இருந்தால் மட்டும் கணக்கு தப்பும். நிமிர்ந்து நிற்கும் கதவு காற்றுக்குப் பாய்மரம். அதனால் பாலத்தைத் திறக்கும் நாளையும் காற்றே முடிவு செய்தது. கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தன.

மின்சாரம் காற்றை ஏவிய இடம்

பாம்பனில் மனிதர்கள் கம்பி தள்ளிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகின் வேறொரு மூலையில் மின்சாரம் காற்றையே ஏவிக்கொண்டிருந்தது. காற்றில் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க, குழாய்க்குள் காற்றை ஓடவிட்டு அதில் மாதிரியை நிறுத்தும் கருவி காற்றுச் சுரங்கம். 1871இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் வென்ஹாம் அமைத்த முதல் சுரங்கத்தின் விசிறியை நீராவி எஞ்சின் சுழற்றியது. 1901இல் ரைட் சகோதரர்களின் சுரங்கத்துக்கு அவர்களது சைக்கிள் கடையின் எஞ்சினே போதுமாக இருந்தது. 1909இல் குஸ்தாவ் ஈஃபில் தன் கோபுரத்தின் அடியில் அமைத்த சுரங்கத்தில் மின் மோட்டார் வந்தது. கோபுரத்துக்கு விளக்கெரித்த மின்நிலையத்திலிருந்தே அதற்கும் மின்சாரம் எடுத்தார்.

மோட்டார் வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. விசிறி சுழன்றால் போதாது. சொன்ன வேகத்தில் சுழல வேண்டும், அந்த வேகத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். காற்றின் வேகம் சிறிது ஆடினாலும் அளந்த எண்கள் எதற்கும் உதவாது. இதற்கு வழி, அமெரிக்கப் பொறியாளர் ஹாரி வார்டு லியோனார்டு 1891இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு. ஒரு மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். அந்த ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் விசிறியின் மோட்டார் சுழலும். ஜெனரேட்டரின் காந்தப்புலத்தைச் சிறிது கூட்டிக் குறைத்தால் விசிறியின் வேகம் மெதுவாக, பிசிறின்றி மாறும். சுரங்கத்தின் விசிறி, சுரங்கக்கிணற்றின் லிஃப்ட், தூக்குப்பாலம் என்று கனத்தை நிதானமாக நகர்த்த வேண்டிய எல்லா இடங்களிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த ஏற்பாடு கோலோச்சியது. பின்னர் தைரிஸ்டரும், மின்சாரத்தின் அதிர்வெண்ணையே மாற்றி மோட்டாரின் வேகத்தை ஆளும் டிரைவ்களும் அதன் இடத்தைப் பிடித்தன. மூன்று பெரிய இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருந்த அறையில் இன்று இரும்புப் பீரோ வரிசை ஒன்று நிற்கிறது.

இன்னொரு சிக்கலுக்கு அப்படிச் சுலபமான வழி கிடைக்கவில்லை. சுரங்கத்தில் காற்றின் வேகத்தை இரட்டிப்பாக்க மின்சாரம் எட்டு மடங்கு வேண்டும். கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் உள்ள உலகின் மிகப் பெரிய சுரங்கத்துக்கு ஆறு மோட்டார்கள், ஒவ்வொன்றும் 22,500 குதிரைத்திறன். மொத்தம் நூறு மெகாவாட். நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் நிறுவிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் உச்சி வெயிலில் தருவதில் ஆறில் ஒரு பங்கை அந்த ஒரு விசிறிக்கூடமே விழுங்கிவிடும். அதனால் ஒலியை மிஞ்சும் வேகம் வேண்டிய இடங்களில் வேறு தந்திரம் செய்தார்கள். கம்ப்ரசர்கள் நெடுநேரம் ஓடித் தொட்டிகளில் காற்றை அடைக்கும். பிறகு வால்வைத் திறந்து சில விநாடிகளில் அதை ஊதிவிடுவார்கள். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1967 முதல் இயங்கும் 1.2 மீட்டர் சுரங்கம் இந்த வகை. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுவாகனமான எஸ்.எல்.வி-3இன் மாதிரிகள் சோதனைக்கு நின்றது அதில்தான். அந்த எஸ்.எல்.வி-3 திட்டத்தை நடத்தியவர், பாம்பன் பாலத்தின் மறுகரையில் 1931இல் பிறந்த அப்துல் கலாம். காற்றுக்கு அடங்கிப் போகும் ஊரிலிருந்து புறப்பட்டவர், காற்றை வேலை வாங்கும் கூடங்களில் தன் ராக்கெட்டைச் சோதித்தார்.

அவர் ஊரில் காற்று எவர் சொல்லும் கேட்கவில்லை.

1964

டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி ஊர் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு அலை அதைக் கொண்டுபோனது. தனுஷ்கோடி அருகே சிக்னல் விளக்கு எரியாமல் இருக்க, ஓட்டுநர் காத்திருந்து பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று பின்னாளில் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது அப்படியே நடந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் உறுதி. புயல் எங்கே, எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்பதை அந்த வண்டிக்குச் சொல்லும் கம்பி எதுவும் அன்றைக்கு இல்லை. துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டு ஊருக்குப் பொதுவான எச்சரிக்கை. தண்டவாளத்தில் இந்த நிமிடம் அடிக்கும் காற்றை அளந்து, அந்த அளவையே சிக்னலாக மாற்றும் வழி அது அல்ல.

பாலத்தில் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. ஷெர்சர் கதவு மட்டும் அசையாமல் நின்றது. கடலடியில் கிடந்த கர்டர்களை மீனவர்கள் காட்டிக்கொடுக்க, அவற்றைத் தூக்கி மறுபடி பொருத்தி 46 நாளில் பாலத்தை ஓடவைத்தவர், பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டிய இ. ஸ்ரீதரன். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

காற்று கையெழுத்திடும் சிக்னல்

பின்னாளில் பாலத்துக்கு வந்த காற்றுமானி பார்வைக்குச் சின்னப் பொருள். கிண்ணங்கள் காற்றில் சுழலும். சுழலும் வேகம் மின்குறியாக மாறும். குறி எல்லையைத் தாண்டியதும் ரிலே விழும். ரிலே விழுந்தால் சிக்னல் சிவப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்தாலும் அதைப் பச்சையாக்க முடியாது. ரயில்வே சிக்னலில் ரிலேக்களுக்கு ஒரு குணம் உண்டு: மின்சாரம் இருந்தால்தான் அவை தூக்கி நிற்கும். கம்பி அறுந்தாலோ மின்சாரம் போனாலோ சொந்த எடையில் விழுந்துவிடும், சிக்னலும் சிவப்பாகிவிடும். கருவி பழுதானால் வண்டி வீணாக நிற்கும், வீணாக ஓடாது. 1964இல் இல்லாமல் போனது இந்த ஏற்பாடுதான்.

எல்லை மணிக்கு 58 கிலோமீட்டர் என்பது அதிகப்படியான பயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் டகோமா பாலத்தை நினைத்துக்கொள்ளலாம். 1940 நவம்பர் 7 அன்று அந்தத் தொங்குபாலம் முறுக்கேறி ஆடி விழுந்தபோது அடித்த காற்று மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர்தான். தள்ளின் பலத்தால் அது விழவில்லை. காற்றும் பாலமும் ஒன்றையொன்று ஆட்டிவிட்டு விழுந்தது. பாம்பன் வேறு வகைப் பாலம், அந்த ஆட்டம் இதற்கு வராது. ஆனால் அதற்குப் பிறகுதான் உலகம் பாலங்களையும் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பார்க்கத் தொடங்கியது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும், தரையையொட்டி வீசும் காற்றைப் போலவே காற்றை உண்டாக்கும் சுரங்கம் ஒன்று இருக்கிறது. கோபுரங்களும் உயரக் கட்டடங்களும் புகைபோக்கிகளும் அங்கே சிறு உருவில் சோதனைக்கு நிற்கின்றன.

2007இல் பாம்பன் பாலம் அகல ரயில் பாதையானது. கதவைத் தூக்கும் வேலை மட்டும் கையால்தான் நடந்தது. செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு மேலே சாலைப்பாலத்தில் கூட்டம் நிற்க, கீழே ஆட்கள் 1914இல் நின்ற இடத்திலேயே கம்பியைத் தள்ளிச் சுற்றினார்கள். ஒரே சட்டகத்தில் இரண்டு நூற்றாண்டுகள். இதற்கிடையில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சென்னை ஐஐடி பொருத்திய உணரிகள் பாலத்தின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. 2022 டிசம்பர் 23 அன்று பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றது. நடுக்கதவு அரித்துப் பலவீனமாகியிருந்தது. 1964 புயலில் நின்ற கதவை, நூறாண்டு உப்புக்காற்று நிற்கவிடவில்லை. அதே டிசம்பரில் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் புதிய காற்றுச் சுரங்கம் முதன்முதலாக ஊதியது. 160 மீட்டர் நீளம். ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை காற்றை ஓட்டும்.

ஐந்து நிமிடம்

2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதிய பாலம் திறந்தது. 2.08 கிலோமீட்டர் நீளம். 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கர்டர்கள். நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே துண்டு. அது இரண்டாகப் பிளப்பதில்லை. இரு கோபுரங்களுக்கு நடுவே, கிடந்த வாக்கிலேயே 17 மீட்டர் மேலே போகிறது. கீழே கப்பலுக்கு 22 மீட்டர் உயரம் கிடைக்கிறது. இந்தியாவில் ரயிலுக்கு இப்படிச் செங்குத்தாக எழும் கடல் பாலம் இதுவே முதல்.

எழும் துண்டின் எடை ஏறத்தாழ 660 டன். எதிரெடை இல்லாமல் அதை ஐந்தரை நிமிடத்தில் 17 மீட்டர் தூக்க வேண்டுமென்றால் 330 கிலோவாட், அதாவது 450 குதிரைத்திறன் வேண்டும். கோபுர உச்சியில் உள்ள பெரிய சக்கரங்களின் மேல் கம்பிவடம் ஓடுகிறது. ஒரு முனையில் பாலம், மறுமுனையில் எடைக்கற்கள். மோட்டார்களுக்கு மிச்சமிருப்பது உராய்வும் காற்றும். ஷெர்சர் காலத்துக் கணக்கு அப்படியே தொடர்கிறது. தள்ளுபவர் மட்டும் மாறியிருக்கிறார்.

மாறியவருக்குப் புதிய கவலைகள் உண்டு. இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் எழுபத்துச் சொச்சம் மீட்டர் இடைவெளி. ஒரு பக்கம் சிறிது முந்தினால் பாலம் சாய்ந்து வழித்தடத்தில் சிக்கிக்கொள்ளும். பழைய பாலத்தில் இந்தக் கவலை கிடையாது. இரண்டு பாதிகளும் தனித்தனி, ஒன்று பிந்தினாலும் கேடில்லை. இப்படிப்பட்ட பாலங்களில் இரு பக்க உயரத்தையும் உணரிகள் இடைவிடாமல் அளந்து ஒப்பிட, கட்டுப்பாட்டுக் கணினி முந்துவதை நிதானிக்கச் செய்து பிந்துவதை விரைவுபடுத்துகிறது. சுரங்கத்து விசிறியைச் சொன்ன வேகத்தில் நிறுத்திய அதே கலை, இங்கே இரண்டு முனைகளை ஒரே மட்டத்தில் நிறுத்துகிறது. திறப்பு விழா நாளிலேயே பாலத்தை இறக்கும்போது தடங்கல் ஏற்பட்டதாகச் செய்தி வந்தபோது, பொறியாளர்கள் சமநிலையின் பக்கம்தான் முதலில் பார்த்திருப்பார்கள். பாலம் முழுதாக இறங்கிப் பூட்டிக்கொண்டாலொழிய ரயிலுக்குப் பச்சை விழாது. சிக்னலும் தூக்கும் அமைப்பும் மின்பூட்டால் பிணைந்திருக்கின்றன.

வேகமும் மாறியிருக்கிறது. பழைய பாலத்தில் ஊர்ந்து போன வண்டி, புதியதில் மணிக்கு 75 கிலோமீட்டரில் போக அனுமதி உண்டு. தூக்குத் துண்டின் மேல் மட்டும் 50. தூண்கள் இரட்டைப் பாதைக்கு ஏற்றவாறு எழுந்திருக்கின்றன. மாறாத ஒன்று அந்த எல்லை. காற்று 58ஐத் தொட்டால் புதிய பாலமும் எழாது, ரயிலும் ஓடாது.

பல நூறு கோடி செலவழித்தும் காற்றை வெல்ல முடியவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி பிசகு. காற்றுச் சுரங்கத்தில் மோட்டார் சொல்கிறது, காற்று கேட்கிறது. பாம்பனில் காற்று சொல்கிறது, மோட்டார் கேட்கிறது. இரண்டு இடத்திலும் மின்கருவிகள் ஏறத்தாழ ஒன்றுதான்: உணரி, ரிலே, டிரைவ், மோட்டார். கட்டளை போகும் திசைதான் வேறு. இந்த நூறாண்டில் பாலம் கற்றுக்கொண்டது அடங்கிப்போவதை விரைவாகவும் தவறாமலும் செய்வதை. அன்று காற்றின் பேச்சு ஓட்டுநரின் காதுக்கு வருவதற்குள் அலை வந்துவிட்டது. இன்று விநாடிகளில் சிக்னலுக்கு வந்துவிடுகிறது. இதைத் தோல்வி என்பவர்கள் 653ஆம் எண் வண்டியை மறந்தவர்கள்.

உப்பும் ஐடிஐயும்

இனிக் கவலைப்பட வேண்டியது வேறு. பழைய கதவின் துரு கண்ணுக்குத் தெரிந்தது. கீமேன் சுத்தியலால் தட்டினால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். பூசுபவர்கள் வருடமெல்லாம் பூசிக்கொண்டே இருந்தார்கள். புதிய பாலத்தின் இரும்புக்குப் பல அடுக்குப் பூச்சும், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகும் உண்டு. ஆனால் மின்பெட்டிக்குள் இருக்கும் இணைப்பு முனையில், ரிலேயின் தொடுமுனையில், உணரியின் கம்பிப் பொருத்தில் உப்பு ஏறினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இரும்பு நூறாண்டு தாங்குவதாக வகுத்திருக்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸுக்கு அந்த ஆயுள் எங்கும் கிடையாது. பதினைந்து இருபது ஆண்டுக்கு ஒருமுறை உறுப்புகளை மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். அதைத் தயாரித்தவர்களே அதற்குள் வேறு மாதிரிக்குப் போயிருப்பார்கள்.

கம்பி தள்ளிய தொழிலாளர்களுக்கு இந்தப் பாலத்தில் வேலை இல்லை. அந்த வேலையின் கடுமையை நினைத்தால் அது போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களிடம் இருந்த ஒன்று போகக்கூடாது. காற்று எப்போது ஏறும், கதவு எந்தக் கோணத்தில் முரண்டு பிடிக்கும், நீரோட்டம் எந்தப் பக்கம் கப்பலை இழுக்கும் என்று அந்த இடத்திலேயே நின்று பழகிய அறிவு அது. இன்றைய பாலத்துக்கு அதற்கு நிகரான ஆட்கள், காற்றுமானியைத் திருத்தி அளவு பார்க்கத் தெரிந்தவர்கள், டிரைவ் காட்டும் பிழைக்குறியை வாசிக்கத் தெரிந்தவர்கள். பழுது வந்த நாளில் தொலைவூரிலிருந்து நிபுணர் வரட்டும் என்று கப்பலையும் ரயிலையும் காக்கவைப்பதைவிட, ராமநாதபுரம் மாவட்டத்து ஐடிஐகளில் மின் கட்டுப்பாடு படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாலத்தையே பயிற்சிக் கூடமாக்குவது ரயில்வேக்கு லாபம். மண்டபத்திலும் பாம்பனிலும் வளர்ந்தவர்களுக்கு வாடையையும் கச்சானையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிலேயையும் டிரைவையும் சொல்லித்தந்தால் போதும்.